மஞ்சள் பனியன் போட்ட பால்காரர்

பால்காரர் சுருளியாண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. சைக்கிளில் போகும்போது யார் கூப்பிட்டாலும் நின்றுவிடுவார். பால்காரர் நிற்கத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பால் வாங்குகிறவர் கூப்பிட்டால் நிற்பது தொழில். வழி கேட்கிறவர், மணி கேட்கிறவர், அவருக்குப் பின்னால் வருகிற வேறு யாரையோ கூப்பிட்டவர் என்று சகலருக்கும் பிரேக் பிடிப்பதை என்னவென்று சொல்வது?

கல்யாணத்தன்று காலையில் சவரம் செய்துகொள்ளப் போனவர், சகதியில் சிக்கிய வாழைத்தார் வண்டியைத் தள்ளிவிட நின்று, முழங்கால் வரை சேற்றோடு மணமேடை ஏறினார். மகள் காதுகுத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது பந்தியில் கடைசி இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ராமுத்தாய் பதினெட்டு வருஷமாக அவருக்காக எங்கேயாவது நின்றுகொண்டே இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்றாள், ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள், ரேஷன் கடையில் நின்றாள். முன்பெல்லாம் சண்டை போடுவாள். இப்போது அதையும் விட்டுவிட்டாள். அதுதான் சுருளியாண்டிக்குப் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் 2003-ம் வருஷம் தேனி வியாபாரிகள் சிலர் கூடி ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். கம்பத்தில் கிளம்பித் தேனி பஸ் ஸ்டாண்டு வரை நாற்பது கிலோமீட்டர். அணிக்கு மூன்று பேர். மதியம் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் மூன்று பேரும் வந்து சேர்ந்தால்தான் கணக்கு. தை மாசம் நடத்தத்தான் திட்டம். அனுமதிக் கடிதம் நடந்து வந்து சேர்ந்தபோது சித்திரை கடைசி, அக்கினி நட்சத்திரம். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வேறு.

சைக்கிள் கடை கிறிஸ்டோபர் தன் அணிக்கு விளையாட்டு வாத்தியார் மலைச்சாமியைப் பிடித்தார். அடுத்ததாகச் சுருளியாண்டியிடம் வந்தார்.

"நாப்பது வீட்டுப் பாலைச் சுமந்து மிதிக்கிற காலுண்ணே இது. வெறுஞ்சைக்கிள மிதிச்சா பறந்துர மாட்டீக?"

கூப்பிட்டுவிட்டாரே, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சுருளியாண்டி தலையாட்டினார். ராமுத்தாயிடம் சொன்னபோது வெகுநாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"பந்தயம் முடியிற எடத்துல நான் நிப்பேன். கப்பெல்லாம் எனக்கு வேணாம். நான் நிக்கிற எடத்துக்கு ஒரு தடவையாச்சும் நேரத்துக்கு வந்து சேருங்க. வழியில எவன் கூப்பிட்டாலும் நிக்காதீக."

"நிக்க மாட்டேன். கௌமாரியாத்தா மேல சத்தியம்" என்றார் சுருளியாண்டி.

பந்தயத்தன்று காலை கிறிஸ்டோபர் மூன்று மஞ்சள் பனியன்களை எடுத்து நீட்டினார். வெளிநாட்டுப் பந்தயத்தில் முதலாவதாகப் போகிறவன் மஞ்சள்தான் போட்டிருப்பான் என்று பேப்பரில் பார்த்திருந்தாராம். சர்ச்சுக்குப் போகிற மனிதருக்குத் திருவிழா நேரத்து மஞ்சளைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்த மற்ற இரண்டு பேரும் பனியன் சும்மா கிடைத்த சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை.

ஒன்பது மணிப் பந்தயம், கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் குளித்து முடித்து வந்ததால் பத்து மணிக்குக் கிளம்பியது. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. ஹேண்டில் பார் தோசைக்கல்லாகச் சுட்டது. அனுமந்தன்பட்டி வரை மஞ்சள் அணிதான் முன்னால். அங்கே ரோட்டோரத்தில் செம்பும் வேப்பிலையுமாக நின்ற ஒரு பெண், "சாமி, நில்லுங்க சாமி!" என்று கத்தினாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் சுருளியாண்டி பிரேக்கைப் பிடித்துவிட்டார். பின்னால் வந்த இரண்டு பேரும் அவர்மேல் வந்து மோதினார்கள். எழுந்து பார்த்தால் ஆறு கால்களிலும் மஞ்சள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் உடுத்தி வெயிலில் மூச்சிரைக்கப் போகிறவர்கள் வீரபாண்டிக்கு நேர்ந்துகொண்டவர்கள் அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? அதுவும் சைக்கிளில் போகிற நேர்த்திக்கடன்! ஊரே திரண்டு வந்தது.

"நாங்க ரேஸுக்குப் போறோம்மா!" என்றார் கிறிஸ்டோபர்.

"ஆத்தாகிட்டப் போறதுக்கு என்னா வேகம் பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் அந்தப் பெண். கிறிஸ்டோபர் கையில் பஞ்சர் ஒட்டும் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்தது. அவர் தடுப்பதற்குள் அதைத் தொட்டு எடுத்துத் தன் பிள்ளை நெற்றியில் பூசிவிட்டாள். மற்ற அணிகள் வெள்ளையும் நீலமுமாக அவர்களைத் தாண்டிப் போயின. அந்த அணிகளை யாரும் சீண்டவில்லை.

உத்தமபாளையத்தில் மூன்று மோர்ப் பந்தல். ஒன்றில் குடித்துவிட்டு அடுத்ததில் குடிக்காவிட்டால் சண்டைக்கு வந்தார்கள். சின்னமனூரில் உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது டம்ளர் மோரோடும் பானகத்தோடும் வந்திறங்கிய மலைச்சாமி வாத்தியாருக்கு நிஜமாகவே சாமி வந்துவிட்டது. சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினார். கிறிஸ்டோபர் மடியில் யாரோ ஒரு கைக்குழந்தையைக் கிடத்திப் பேர் வைக்கச் சொன்னார்கள். அவர் கலங்கிப்போய் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி பதினொன்று இருக்கும். சுருளியாண்டிக்குத் திடீரென்று ராமுத்தாயின் முகம் நினைவுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில், வெயிலில், ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிற முகம். துண்டை எடுத்துக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். மற்ற இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மிதித்தார்.

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் நிற்காமல் போனார். சாமி என்றார்கள், அண்ணே என்றார்கள், ஏலே என்றுகூடக் கூப்பிட்டார்கள். நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கை தானாகப் பிரேக்குக்குப் போனது. அதை அவரே திட்டித் திருப்பினார். வீரபாண்டிக் கூட்டத்துக்குள் புகுந்தபோது ஒரு பெண் செம்போடு ரோட்டின் நடுவிலேயே வந்து நின்று, "ஏங்க, நில்லுங்க!" என்று கத்தினாள். துண்டையும் தாண்டி அந்தக் குரல் கேட்டது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளை ஒடித்து அவளைச் சுற்றிப் போய்விட்டார். செம்பில் இருந்ததில் பாதி அவர் முதுகில் கொட்டியது.

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கியபோது சங்கு ஊத எட்டு நிமிடம் இருந்தது. மைக் பிடித்தவர், "மத்த ரெண்டு பேரும் எங்கண்ணே? மூணு பேரும் வந்தாத்தேன் கணக்கு" என்றார். சுருளியாண்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் காதில் விழவில்லை. ராமுத்தாயைத் தேடினார். டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

"மஞ்சப் பனியன்காரக வழியில மாட்டிக்கிட்டாகன்னு லாரிக்காரர் வந்து சொன்னாரு. நானே போய்க் கூட்டியாறேன்னு அக்கா மோரைக் கரைச்சுச் செம்புல எடுத்துக்கிட்டு அப்பவே வீரபாண்டிக்குப் பஸ் ஏறிட்டாகளே!"

சுருளியாண்டி முதுகைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கறிவேப்பிலையும் நறுக்கிய சின்ன வெங்காயமும் கையில் வந்தன. அவருக்கு அழுகை வந்தது.

சங்கு ஊதியது. அவர் நின்றார். ஒரு மணி ஆனது. அப்போதும் நின்றார். வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்தார். யாருக்காவது காத்து நிற்பது என்றால் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்துக்கொண்டார். ஒன்றரை மணிக்கு ராமுத்தாய் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் காலிச் செம்பு.

"ஊருக்கெல்லாம் நின்னீக" என்றாள். "எனக்கு நிக்கலையே."

சுருளியாண்டி சைக்கிள் கேரியரைத் துண்டால் துடைத்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். வந்த வழியே வீரபாண்டிக்கு மிதித்தார். அவள் நின்ற இடம் வந்ததும் இறக்கிவிட்டு, "இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டு, ஒரு பர்லாங் தூரம் போய்த் திரும்பி வேகமாக வந்தார்.

ராமுத்தாய்க்கு வெட்கமாக இருந்தது. சுற்றும்முற்றும் பார்த்தாள். அவர் பக்கத்தில் வந்ததும், "ஏங்க, நில்லுங்க" என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

சுருளியாண்டி பிரேக் பிடித்து அவள் காலடியில் நின்றார். ராமுத்தாய் அவர் முகத்து வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டுத் திரும்பினால், அவளுக்குப் பின்னால் இருபது பேர் செம்பும் வேப்பிலையுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.