ஒரு வருடத்துக்கு ஓர் அடி

எனக்கு எதையும் வரிசைப்படுத்தித்தான் நினைக்க வரும். அந்தப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும்போதும் அப்படித்தான்: ஓட்டுக் கூரை, இரண்டு அறைகள், வெள்ளைத் தூசி படிந்த வேப்பமரம், மத்தியானம் குவாரியில் ஊதும் சங்கு. சங்கு ஊதினால் வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் யாரும் சொல்லாமலேயே சிலேட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். தரை ஒருமுறை அதிரும். ஓட்டிலிருந்து தூசி மெல்ல இறங்கும். பிறகு சிலேட்டைக் கீழே வைத்து, விட்ட எழுத்திலிருந்து தொடர்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அரியலூரில் வீட்டோடு இருந்தேன். பக்கத்துக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். தலைமையாசிரியை அம்மாவுக்குத் தெரிந்தவர். "கணக்கு நான் பாத்துக்கறேன். மூணாங் கிளாஸுக்கு வரலாறு நீ எடு. கதை மாதிரி சொன்னாப் போதும்" என்று கூப்பிட்டுக்கொண்டார்.

கதை மாதிரி சொல்வதில்தான் சிக்கலே இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலம் என்பது இரண்டே அறைகள் உள்ள வீடு. ஒன்று 'இப்ப'. இன்னொன்று 'முன்னாடி'. அந்த இரண்டாவது அறையில் ராஜாக்கள், வெள்ளைக்காரர்கள், செத்துப்போன தாத்தாக்கள், போன வருடம் விற்ற மாடு எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள்.

"டீச்சர், ராஜாவ எங்க தாத்தா பாத்துருக்காரு" என்றான் ஒருவன்.

"எங்கடா பாத்தாரு?"

"அரியலூர்ல. கார்ல போனாராம்."

"போடா. ராஜாவுக்கு ஏது காரு? யானைதான்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"யானை பஞ்சர் ஆயிருக்கும்டா" என்றான் பின்னால் இருந்த இன்னொருவன்.

அவன் தாத்தா பார்த்தது ஜமீன்தாராக இருக்கும். திருத்தலாமா என்று யோசித்தேன். ராஜாவைப் பார்த்த தாத்தாவின் பேரன் என்ற பெருமையில் அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. விட்டுவிட்டேன்.

திருச்சி மாவட்டத்தைப் பற்றிய பாடம் வந்தபோது கற்களைப் பற்றிப் பேசினோம். அந்த ஊரில் கல் இல்லாத பிள்ளை கிடையாது. சுண்ணாம்புக் கல்லோடு கலந்து வரும் சிப்பிகளையும், சுருள் சுருளாக இருக்கும் நத்தைக் கல்லையும் டவுசர் பையில் வைத்திருப்பார்கள். இவையெல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை, இங்கே முன்னாடி கடல் இருந்தது என்று சொன்னேன்.

அவர்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை.

"மீனெல்லாம் எங்க டீச்சர் நீந்திச்சு?"

"இங்கதான். இந்த ஓட்டுக்கும் மேல."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெளியே மழை கட்டிக்கொண்டிருந்ததால் அறைக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. வேப்பமரத்தின் நிழல் சுவரில் அலைந்தது. ஒருத்தி கையை மெதுவாகத் தூக்கி, காற்றில் தண்ணீரைத் தள்ளுவது போல் அசைத்தாள். அடுத்தவளும் அசைத்தாள். மணி அடிக்கும்வரை நாங்கள் கடலுக்கு அடியில்தான் இருந்தோம். வீட்டுக்குப் போகும்போதுகூட யாரும் ஓடவில்லை.

அந்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஒரு பெண் மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. ஜன்னலோரம் உட்காரும் எட்டு வயதுப் பெண். அப்பா குவாரியில் கல் உடைப்பவர். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்த குடும்பம். பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் இவள்தான்.

காரணம் கேட்டு ஆள் அனுப்பலாம் என்று இருந்தபோது அவள் அம்மாவே வந்து நின்றாள். முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சரம்மா, புள்ளைங்ககிட்ட என்னாத்த சொன்னீங்க?"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"கடலு திரும்ப வருதாம். அவங்கப்பன் வேலை செய்யற பள்ளத்துலதான் மொதல்ல எறங்குமாம். தண்ணி வந்தா சத்தம் போடணும்னு போயி மேட்டுல உக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. வெடி வெக்கற எடம். கல்லு பறந்து வந்து மண்டையில வுழுந்துச்சுன்னா?"

"வீட்டுல சொல்லிப் பாத்தீங்களா?"

"அவங்கப்பா எனக்கு நீஞ்சத் தெரியும்னு சொல்லிப் பாத்தாரு. கேணியில நீஞ்சுறதும் கடல்ல நீஞ்சுறதும் ஒண்ணாங்குது." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகம் இறுகியது. "இந்த வாரம் பாக்கறேன். கேக்கலன்னா திருமானூர்ல எங்க நாத்தனா வூட்டுல வுட்டுடுவேன். அங்க கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு கெடக்கட்டும். படிச்சது போதும். உசுரு முக்கியம்."

பள்ளி விட்டதும் குவாரிக்குப் போனேன். ஒரு வேலமரத்தடியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கீழே வெள்ளைப் பள்ளம். அதன் அடியில் மழைத் தண்ணீர் தேங்கி, பால் கலந்த பச்சையாக, அசையாமல் கிடந்தது. ஒரு எஞ்சின் அதை இறைத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் எறும்பளவு தெரிந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து அந்தக் கல்லு வரைக்கும்தான் டீச்சர் இருந்துச்சு. இன்னிக்கு கல்லு தெர்ல" என்றாள்.

"மழைத் தண்ணிம்மா அது."

"உப்புக் கரிக்குதுன்னு அப்பா சொன்னாரு."

சுண்ணாம்புப் பாறையில் நின்ற தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அவளிடம் இருந்தவை மூன்று: சிப்பி, உயரும் தண்ணீர், உப்பு. நானும் சொல்லியிருக்கிறேன், கடல் முன்னாடி இங்கே இருந்தது என்று. அவள் தாத்தாவும் 'முன்னாடி' இருந்தவர்தான்; போன மாதம்தான் செத்துப்போனார். அப்படியென்றால் கடலும் இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். வெளியே போனது திரும்பி வராமல் எங்கே போகும்? அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. அவளுக்குத் தெரியாதது தூரம் மட்டும்தான்.

தூரத்தை அளப்பது நான் படித்த படிப்பு. பஸ்ஸில் திரும்பும்போது மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒரு வருடத்துக்குப் பிள்ளை நடையில் ஓர் அடி என்று வைத்தால், கடல் இருந்த காலத்துக்குப் பல கோடி அடிகள் நடக்க வேண்டும். இறங்கும் இடம் வருவதற்குள் விடை வந்தது. நடந்து போனால் ஏறக்குறைய உலகத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றி, நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாகவே வந்து சேருவோம். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கோடு போட ஒரு டப்பா சுண்ணாம்புத் தூள் எடுத்துக்கொண்டேன். வகுப்பு வாசற்படிதான் 'இப்ப'. அங்கிருந்து எல்லோரும் சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தோம். எட்டாவது அடியில் கோடு போட்டேன்.

"இங்கதான் நீங்க பொறந்தீங்க."

ஒருவன் கோட்டிலேயே படுத்து "குவா, குவா" என்று கத்தினான். சட்டையெல்லாம் சேறு. தலைமையாசிரியை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூட கேட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் அவர்களுடைய அம்மாக்கள் பிறந்தார்கள். வெளியே டீக்கடைப் பெஞ்சருகில் வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள்.

"என் கடையிலயா சுதந்திரம் குடுத்தாங்க? சொல்லவே இல்ல" என்றார் டீக்கடைக்காரர். "ரெண்டு டீ பாக்கிய வாங்கிட்டு அனுப்பியிருப்பனே!"

அதற்குப் பிறகு வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பருத்திக் காடு வந்தது. சோளக் காடு வந்தது. நூறு அடிக்கு ஒரு கோடு போட்டோம். எண்ணும் சத்தம் தணிந்து முணுமுணுப்பாகி, பாட்டு போல ஆகிவிட்டது. ஈர மண்ணில் சின்னச் சின்னக் கால்கள் வருடங்களை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு போயின. எனக்கே நாங்கள் எங்கே போகிறோம் என்பது மறந்துபோன மாதிரி இருந்தது. ஏரிக்கரையில் ஆயிரம் வந்தது.

"கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைக் கட்டுன ராஜா இங்கதான் இருக்காரு" என்றேன்.

திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் கையளவு தெரிந்தது.

"அப்ப எங்க தாத்தா ராஜாவப் பாக்கலயா டீச்சர்?" அந்தப் பையனின் குரல் இறங்கியிருந்தது.

"உங்க தாத்தா பாத்தது வேற ராஜா. கார்ல போனவரு."

அவன் ஒத்துக்கொண்டான். ஜன்னலோரத்துப் பெண் மட்டும் முன்னால் பார்த்தபடியே நின்றாள்.

"கடலு எங்க டீச்சர்?"

"இன்னும் போகணும்."

"அரியலூர் தாண்டியா?"

"அரியலூர் தாண்டி, திருமானூர் தாண்டி, கொள்ளிடம் தாண்டி."

"மெட்ராஸ்?" என்றான் யானையைப் பஞ்சராக்கியவன்.

"அதுக்கும் மேல. பகல் ராத்திரியா நடந்தாலும் நீங்க அஞ்சாங் கிளாஸ் தாண்டினப்புறம்தான் போய்ச் சேருவீங்க."

"பஸ்ஸு போவுமா டீச்சர்?"

"அவ்வளவு தூரத்துக்கு டிக்கெட் கிடையாது."

அவள் சிரிக்கவில்லை. ஏரி கலங்கலாக வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது. காலால் ஒரு கோடு கிழித்தாள்.

"அது அங்கேருந்து இப்பக் கெளம்பிட்டா?"

கடல் அப்படிக் கிளம்பாது என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை.

"கெளம்பினா?" என்றேன்.

"நம்மள மாதிரி ஒவ்வொரு அடியாத்தான வரணும்?"

"ஒரு வருஷத்துக்கு ஓர் அடி."

அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். குவாரி இருக்கும் திசையைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. நான் பஸ்ஸில் போட்ட கணக்கை அவள் வேறு எங்கிருந்தோ தொடங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதுக்குள்ள அப்பா ஷிப்ட்டு முடிஞ்சு வூட்டுக்கு வந்துடுவாரு" என்றாள்.

திரும்பும்போது யாரும் எண்ணவில்லை. டீக்கடையைத் தாண்டி, அம்மாக்களைத் தாண்டி, தாங்கள் பிறந்த கோட்டின் மேல் ஒவ்வொருவராகக் குதித்து உள்ளே போனார்கள். அவளும் குதித்தாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் வருவாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கரும்பலகையில் எழுதினேன். பாதி வரியில் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். சங்கு ஊதியது. எல்லோரோடும் சேர்ந்து சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதிர்வு அடங்கியதும் ஜன்னல் வழியே ஒருமுறை வெளியே பார்த்தாள். பிறகு எழுதினாள்.

நான் கிளம்பும் நேரத்துக்கு அவள் அப்பா வேலை முடிந்து வந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை. வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு குரல் கொடுத்தார்.

"என்னா ஆயி, கடலு எங்க வந்துகிட்டு இருக்கு?"

அவள் பையில் சிலேட்டைச் செருகிக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் ஒரு அடிகூட வெக்கலப்பா."