நான்காம் எண் பறக்காத நாள்

எஃபி பிளாக்டனுக்குக் கோபம் வந்தால் கைகளைத் துடைப்பாள். எண்ணெய்த் துணி ஒன்றை எடுத்து, கட்டைவிரலில் தொடங்கி விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் துடைப்பாள். இருபத்தாறு ஆண்டுகள் விமானப்படையில் இருந்து, எந்த அதிகாரி முன்னாலும் அவள் குரல் உயர்ந்ததில்லை. ஆனால் ஷோல் முனைத் தளத்தின் ஹேங்கர் கொட்டகையில் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தத் துணி தெரியும். "எஃபி கை துடைக்கிறா, டீ குடிச்சிட்டு அப்புறமா வரலாம்" என்று நழுவிவிடுவார்கள்.

நியூஃபவுண்ட்லாந்தின் கடலில் காட் மீன் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் நிறுத்திய ஆண்டில் அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா படகைக் கரையேற்றிவிட்டு, சமையலறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர்தான். அந்தப் படகின் எஞ்சினைப் பதினான்கு வயதிலிருந்தே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவள் எஃபி. இனி கழற்ற ஒன்றுமில்லை என்றானதும் பேருந்தேறிப் போய்ப் படையில் சேர்ந்தாள். ஹெலிகாப்டர் பராமரிப்பு. கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்தும் போனது. மாஸ்டர் கார்ப்பரல் வரை உயர்ந்தாள். அதற்குமேல் போக வேண்டுமென்றால் மேஜை வேலைக்குப் போக வேண்டும், அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

லியாண்டர் கீப்பிங் அதே விரிகுடாவின் எதிர்க்கரைக்காரன், அவளைவிட ஏழு வயது இளையவன். அவன் விமானப் பொறியாளன். பராமரிக்கிறவர்களோடு சேர்ந்து திருகாணியும் முடுக்குவான், மீட்புக்கு ஹெலிகாப்டர் கிளம்பும்போது பின்கதவில் நின்று கம்பிவடத்தையும் இறக்குவான். தான் முடுக்கியதில் தானே ஏறிப் போகிறவன். அதனால் ஹேங்கரில் அவன் பேச்சுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது, அவன் பேசுவதில் முக்கால்வாசி கிண்டலாக இருந்தபோதும்.

மஞ்சள் ஹெலிகாப்டர்கள் அங்கே நான்கு. பறப்பவை மூன்று: நான்காம் எண், ஏழாம் எண், பதினொன்றாம் எண். ஒன்பதாம் எண் பறந்து பதினான்கு மாதமாகியிருந்தது. ஹேங்கரின் கோடியில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். அதற்குப் பெயர் ராணி. புதிய உதிரிப் பாகம் கேட்டால் வருவதற்கு ஐந்து மாதம், ஆறு மாதம். அதுவரை ராணியிலிருந்து பிடுங்கி மற்றதில் மாட்டுவார்கள். கொள்ளை என்றே அதைச் சொல்வார்கள். நோட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

கொள்ளைக்கும் ஒரு முறை உண்டு. பிடுங்கிய இடத்தில் ஓர் அட்டை தொங்க வேண்டும், பிடுங்கிய பாகத்தோடு ஓர் அட்டை போக வேண்டும். அந்தப் பாகம் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது என்பது இரண்டிலும் இருக்க வேண்டும். பாகத்தின் வயது அதுதான். வால் விசிறியின் கியர் பாக்ஸுக்கு ஆயிரத்து இருநூறு மணி நேரம் ஆயுள். அது முடிந்தால் கழற்றி அனுப்பிவிட வேண்டும்.

ஜனவரியில் ஒரு நாள், எதிரே நீட்டிய கை தெரியாத பனிப்புயலில், கரையிலிருந்து நூறு மைலில் ஒரு நண்டுப் படகு தண்ணீர் ஏறிக் கிடந்தது. உள்ளே ஐந்து பேர். பதினொன்று வேறு வேலையாக லாப்ரடாருக்குப் போயிருந்தது, நான்காம் எண் பிரித்துப் போட்டுக் கிடந்தது. ஏழாம் எண்ணின் வால் கியர் பாக்ஸில் எண்ணெய் ஒழுகிற்று.

"பொண்ணே, ராணி மேல இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" என்றான் லியாண்டர்.

"வாலும் மூக்கும்தான்."

"வாலைக் குடுத்துடச் சொல்லு. மூக்கை வச்சு அழுதுக்கட்டும்."

இருவரும் ஆறு மணி நேரத்தில் மாற்றினார்கள். ஆனால் ராணியின் பதிவேடு தளத்தில் இல்லை. கணினியில் ஏற்ற வேண்டுமென்று டிசம்பரிலேயே தலைமையகத்துக்கு வாங்கிப் போயிருந்தார்கள். அந்த கியர் பாக்ஸின் வயது ஹேங்கரில் யாருக்கும் தெரியவில்லை. பொறுப்பிலிருந்த வாரண்ட் அதிகாரி ஹெட்லி ஸ்னூக் வந்து நின்றார்.

"ஏழாம் நம்பரோட பழைய பாக்ஸுக்கு எவ்ளோ இருந்துச்சு?"

"அறுநூத்திப் பத்து, வாரண்ட்" என்றான் லியாண்டர்.

"அதையே எழுது. திங்கக்கிழமை சரியான கணக்கு வந்துடும், திருத்திக்கலாம். அங்க அஞ்சு பேரு முங்கிட்டிருக்கான்."

லியாண்டர் எஃபியைப் பார்த்தான். எஃபி ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுதினான். பாகத்தைச் சரியாகப் பொருத்தியதற்கு எஃபி இரண்டாம் கையெழுத்துப் போட்டாள். ஏழாம் எண் போய் ஐந்து பேரையும் கொண்டுவந்தது. மறுநாள் மத்தியானம் ஹேங்கரில் பொலோனா இறைச்சியைப் பொரித்துத் தின்றுகொண்டே லியாண்டர் அந்தப் படகுத் தலைவனைப் போல நடித்துக் காட்டினான். கம்பிவடத்தில் மேலே வரும்போதும் அந்த மனிதர் காப்பிக் குடுவையை விடவில்லையாம்.

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர்களுக்கு எழுதிவைக்கும் பச்சை நோட்டு ஒன்று உண்டு. அதில் லியாண்டர் நான்கு முறை எழுதினான். 'ஏழு, வால் பாக்ஸ், ராணியின் மணிக்கணக்கு வேண்டும்.' நான்காவது முறை அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். நான்கு முறையும் பக்கத்தில் ஸ்னூக்கின் மேலதிகாரி மேஜர் விக்வயரின் சுருக்கொப்பம் இருந்தது, பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக. மார்ச்சில் நான்காம் எண்ணுக்கும் அதே கதை. வேறொரு தளத்தின் ராணியிலிருந்து கியர் பாக்ஸ் வந்தது, தாள் வரவில்லை. கழற்றிய பாக்ஸின் மணிக்கணக்கையே எழுதினார்கள். ஒரு முறை செய்து ஒன்றும் ஆகாவிட்டால் அது வழக்கமாகிவிடுகிறது.

அக்டோபரில், வெயிலடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சிக்காக விரிகுடாவின் மேல் அந்தரத்தில் நின்றபோது ஏழாம் எண்ணின் வால் விசிறி நின்றது. ஹெலிகாப்டர் மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரில் விழுந்தது. நான்கு பேர் வெளியே நீந்தி வந்தார்கள். லியாண்டர் பின்கதவில் தரையோடு வாரால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். மறுநாள் முக்குளித்தவர்கள் அவனைக் கண்டபோது கத்தி கையில் இருந்தது. வார் பாதி அறுந்திருந்தது.

எஃபி அழவில்லை. அந்தப் பாதி வாரைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம்தான் போயிற்று.

ஒன்பது நாள் கழித்து மேஜர் அவளைக் கூப்பிட்டார். அறையில் ஸ்னூக்கும் இருந்தார். விசாரணைக் குழு வருமுன் தளத்திலிருந்து போக வேண்டிய முதல் அறிக்கை மேஜைமேல் இருந்தது. எஃபியின் வாக்குமூலம் என்று ஒரு தாளைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். பாகத்தின் மணிக்கணக்கைத் தவறாகப் பதிந்தவர் லியாண்டர் கீப்பிங். பொருத்தும் வேலை சரியாக நடந்தது. வேறெதுவும் எனக்குத் தெரியாது. மூன்று வரிதான்.

எஃபி இரண்டு முறை படித்தாள். "இதுல என் பேரு நல்லபடியா இருக்கே, சார்."

"உங்க வேலையில குறை ஒண்ணும் இல்லையே" என்றார் மேஜர்.

"அவன் எழுதறப்ப நான் பக்கத்துல நின்னேன். எனக்கும் தெரியும். வாரண்ட்தான் எழுதச் சொன்னாரு."

ஸ்னூக் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்படி நான் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல, எஃபி" என்றார்.

"பச்சை நோட்டைப் பாருங்க. நாலு தடவை எழுதியிருக்கான். நாலு தடவையும் உங்க ஒப்பம் இருக்கு, சார்."

"அந்த நோட்டு தீர்ந்துபோச்சு. புது நோட்டு போட்டாச்சு."

"பழசு எங்க?"

"பழைய காகிதத்தோட போயிருக்கும்" என்றார் ஸ்னூக்.

மேஜர் குரலைத் தணித்தார். "பாருங்க, மாஸ்டர் கார்ப்பரல். லியாண்டர் போயிட்டாரு. அவரை யாரும் தண்டிக்கப் போறதில்ல. அவரு மனைவி டாஃப்னிக்கு வரவேண்டியது எல்லாம் வந்துடும். இருக்கிறவங்க வாழ்க்கைய ஏன் கெடுக்கணும்?"

எஃபியின் கை பாக்கெட்டில் துணியைத் தேடியது. துணி இல்லை. சீருடையிலேயே துடைத்துக்கொண்டாள். "செத்தவனுக்கு வாயில்லன்னு எழுதறீங்க. எனக்கு இருக்கு, சார். நான் போடமாட்டேன்."

எழுந்து வந்துவிட்டாள். ஹேங்கருக்கு வந்து லியாண்டரின் கருவிப் பலகை முன் நின்றாள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தில் வெட்டிய குழி, எல்லாக் குழியிலும் கருவி. வேலை முடிந்ததும் ஒரு சாவியைக்கூட இடம் மாற்றி வைக்காதவன். அவன்மேல் கவனக்குறைவு என்று எழுதப் போகிறார்கள். அவள் கையெழுத்து இல்லாவிட்டாலும் அறிக்கை போகும். நோட்டும் இல்லை. ஒரு மாஸ்டர் கார்ப்பரலின் வாய்ச்சொல்லை எவன் கேட்பான்? அவளுக்கு அவர்கள் மீது வந்த கோபத்தைவிட, ஜனவரியில் வாயை மூடிக்கொண்டு நின்ற தன்மீது வந்தது பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை அஞ்சலி. ஓடுதளத்தின் ஓரத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாதிரியார் ஜெபம் முடித்ததும் நான்காம் எண் தலைக்குமேல் தாழப் பறந்து போகும் என்று ஏற்பாடு. பதினொன்று மீட்புக்குத் தயார் நிலையில் தனியே நின்றது.

எட்டு மணிக்கு எஃபி அஞ்சலிக்கான சீருடையில் ஹேங்கருக்கு வந்தாள். நான்காம் எண்ணின் பதிவேட்டை எடுத்தாள். அங்கே ஒரு விதி இருக்கிறது. பராமரிப்பவர் எவரானாலும், எவ்வளவு கீழ்ப்பதவியில் இருந்தாலும், பதிவேட்டில் பழுது என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த ஹெலிகாப்டர் தரையைவிட்டு எழும்பக் கூடாது. எழுதியதை யாரும் அடிக்கவும் முடியாது. ஒன்று பழுதைச் சரிசெய்து கையெழுத்திட வேண்டும். அல்லது, இது தெரிந்தே பறக்க அனுமதிக்கிறேன் என்று ஓர் அதிகாரி தன் பெயரை எழுத வேண்டும். எஃபி எழுதினாள்: 'வால் கியர் பாக்ஸின் உண்மையான வயது தெரியாது. பதிவில் உள்ள எண் பொய். ஏழாம் எண்ணில் இருந்ததும் இப்படித்தான். அன்று நானும் அறிந்தே பேசாதிருந்தேன்.' கீழே பெயர், எண், நேரம்.

மேஜர் வந்தபோது வெளியே குடும்பங்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தன. அவர் அந்த வரிகளைப் படித்தார். முகம் சிவந்தது.

"இன்னிக்குப் போய் இதைச் செய்யணுமா? அவன் பொண்டாட்டி வெளிய உக்காந்திருக்கா."

"அதனாலதான், சார்."

"இது உங்களுக்கு அசிங்கமா இல்ல?"

"ஒன்பது மாசமா இருக்கு. பறக்கணும்னா ஒரு வழி இருக்கு, சார். கீழ இடம் விட்டிருக்கேன். உங்க பேரைப் போடுங்க. அவன் பேரை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகல உங்களுக்கு. உங்க பேரு ரொம்ப நீளமா?"

மேஜரின் சட்டைப்பையில் பேனா இருந்தது. கை அதுவரை போயிற்று. விமானியும் துணைவிமானியும் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றார்கள். விமானி மெதுவாக, "சார், நீங்க போட்டாலும் நான் ஏறமாட்டேன்" என்றான். மேஜரின் கை கீழே இறங்கியது.

பாதிரியார் ஜெபத்தை முடித்தார். எல்லோரும் மேலே பார்த்தார்கள். வானத்தில் கடற்பறவைகள் மட்டும் கத்தின. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கழுத்து வலித்தவர்கள் தலையைத் தாழ்த்தினார்கள். லியாண்டரின் மனைவி டாஃப்னி திரும்பி, இரண்டாம் வரிசையில் இருந்த எஃபியிடம் கேட்டாள்.

"ஏன் வரல?"

"நான் நிறுத்திட்டேன்."

"அவனுக்குக் குடுத்தது அது ஒண்ணுதான், எஃபி. அதையும் நீயா?"

"அவன் போன மாதிரி இன்னொருத்தன் போய்டக் கூடாதுன்னுதான். உன்கிட்டச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. என் தப்பும் அதுல இருக்கு. கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டு."

டாஃப்னி முன்னால் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுச் சமையலறையில் எஃபி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். டின் பால் ஊற்றிய டீ இருவர் முன்னாலும் ஆறிப்போயிற்று. எல்லாம் கேட்டபின் டாஃப்னி திட்டத்தான் செய்தாள், வெகு நேரம். எஃபி எழுந்து போகவில்லை.

பழுது என்று எழுதிய வரி பதிவேட்டில் இருக்கும்வரை கியர் பாக்ஸைக் கழற்றாமல் வழியில்லை. கழற்றினால் மணிக்கணக்கைத் தேடாமல் வழியில்லை. மற்றத் தளத்திலிருந்து பன்னிரண்டு நாளில் தாள் வந்தது. நான்காம் எண்ணின் பதிவில் இருந்தது எழுநூற்று நாற்பது. உண்மை ஆயிரத்து இருநூற்று அறுபத்தொன்று. விசாரணைக் குழு அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டது. பிறகு ராணியின் பதிவேட்டைக் கேட்டது; ஏழாம் எண்ணில் மாட்டியதும் ஆயுள் கடந்த பாக்ஸ்தான். அதன்பின் பச்சை நோட்டைக் கேட்டது. ஸ்னூக்கின் அலமாரியில் இருந்தே அது வெளியே வந்தது.

இறுதி அறிக்கையில் தனி ஒருவரின் கவனக்குறைவு என்ற வரி இல்லை. யாருடைய பெயரும் இல்லை. அமைப்பின் குறைபாடு என்று எழுதியிருந்தார்கள். மேஜருக்கு மாற்றல், ஸ்னூக்குக்கு ஓய்வு, கேக் வெட்டி. எஃபிக்குக் கண்டனக் கடிதம், அறிந்தே பேசாதிருந்ததற்காக. தண்டனை பெற்றது அவள் ஒருத்திதான். அவளே எழுதிக் கொடுத்த குற்றம். அந்தக் கடிதத்தை அவள் மடித்து, லியாண்டரின் கருவிப் பலகைக்குப் பின்னால் செருகி வைத்தாள். பிறகு துணியை எடுத்தாள். கட்டைவிரலிலிருந்து தொடங்கினாள்.