பதினான்கு சிலிண்டரும் ஒரு கல்யாணமும்

என் மகளுக்கு முப்பத்தொரு வயது. ஏழு வரன்கள் தட்டிப்போயிருந்தன. எட்டாவதாகப் படப்பையிலிருந்து வந்த ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். பையனை அவளுக்கே பிடித்திருந்தது. பெண் பார்க்க வரும் அன்று காலை மனைவி என்னிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள்: விமானத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

எங்கள் தாம்பரம் வீட்டுக் கூடத்தின் கண்ணாடி அலமாரியில் ஒரு பொம்மை விமானம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஓட்டிய நூற்றுத்தொண்ணூறு என்ற சண்டை விமானம். தட்டையான வட்ட மூக்கு. உள்ளே ஏழேழாக இரண்டு வரிசையில் பதினான்கு சிலிண்டர். காற்றே அதைக் குளிர்விக்கும். தண்ணீரால் குளிரும் இன்ஜின்கள் ஏற்கெனவே நூற்றொன்பது என்ற இன்னொரு விமானத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால், இதற்குக் காற்று இன்ஜினைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேசம் அப்போது எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான் என்பது என் கட்சி.

வந்தவர்கள் ஐந்து பேர். பஜ்ஜி இருபது. பையனின் அப்பா மூன்றாவது பஜ்ஜியோடு எழுந்து அலமாரி அருகே போனார்.

“இன்னா சார், நூத்தித் தொண்ணூறு வச்சிகினு கீறீங்க?”

கடைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, தினமும் மகனுடைய கம்ப்யூட்டர் விளையாட்டில் நூற்றொன்பது ஓட்டுகிறவராம். மனைவி என்னை முறைத்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“இதுல பின்னாடி வரிசை சிலிண்டர் வெந்து பூடும் சார்” என்றார்.

அது ஆரம்ப காலத்துக் கோளாறு. பிறகு சரிசெய்துவிட்டார்கள். சத்தியம் செய்திருந்தேன்தான், ஆனால் அபாண்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சத்தியம் செய்யவில்லை.

“உங்க நூத்தியொன்பதுக்கு ரேடியேட்டர்ல ஒரு குண்டு பட்டாப் போதும். தண்ணி ஒழுகிடும். வயல்ல எறக்கிட்டு நடந்து போகணும்.”

“நடக்கட்டும் சார். ரொம்ப மேல போனா உங்க வண்டிக்கு மூச்சு வாங்குமே?”

அது உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. பஜ்ஜித் தட்டை அவர் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தேன். அவர் தன் மனைவியிடம் பையை எடுக்கச் சொன்னார்.

“காத்து இன்ஜின் வூட்ல பொண்ணு எடுத்தா, நாளைக்குப் பேரனுக்கு இன்னா சொல்லிக் குடுப்பாங்க?”

காப்பித் தட்டோடு நின்றிருந்த மகள் அதை மேசையில் வைத்தாள்.

“அப்பா, கடைசியில உங்க விமானத்துக்கு என்ன இன்ஜின் போட்டாங்க? நீங்களே சொல்லுங்க.”

பாவாடை கட்டிய வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பொய் சொல்ல வழியில்லை. உயரத்தில் திணறாமல் இருக்க, போரின் பிற்பகுதியில் அதன் மூக்கை நீட்டித் தண்ணீர் இன்ஜினைப் பொருத்தினார்கள். ரேடியேட்டரை வட்டமாக முன்னால் வைத்ததால் பார்வைக்குக் காற்று இன்ஜின் மாதிரியே இருந்தது. வெளியே என் கட்சி, உள்ளே அவர் கட்சி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“பன்னெண்டு சிலிண்டரா?”

“பன்னெண்டு. உங்க நூத்தியொன்பதுக்கு இருக்கிற அதே பன்னெண்டு.”

பஜ்ஜித் தட்டைத் தானே இழுத்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் கொண்டுவந்த வரிசைத் தட்டுகளை எண்ணினேன். பத்து. இரட்டைப்படை. நான் பதறுவதைப் பார்த்துச் சிரித்த சம்பந்தி, காரிலிருந்து பதினோராவது தட்டை எடுத்துவந்தார். வெற்றிலை மேல் நீண்ட மூக்கு நூற்றுத்தொண்ணூறு, அவரே துண்டு துண்டாக ஒட்டிச் செய்த பொம்மையாம். மூன்று விசிறி இலைகளிலும் குங்குமப் பொட்டு.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் புகைக்குழாய்களை எண்ணினேன். சிலிண்டருக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு ஆறு இருக்க வேண்டும். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

கல்யாணம் தையில். அதுவரை வாயைத் திறக்கப் போவதில்லை.