கொதிக்கக் கொதிக்க ஒரு குளியல்

டீ ஃபேக்டரியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம். சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தூளுக்குப் பக்கத்துல நின்னு எவனாவது சொறியறதப் பார்த்தேன், அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிருவேன்."

அதுவரை எனக்கு எங்கும் அரித்ததே இல்லை. டிசம்பரில் உறைபனி விழத் தொடங்கியதும் முதுகில் ஆரம்பித்தது, பிறகு இரண்டு கெண்டைக்காலும். பெட்டி அடுக்கும் சாக்கில் தூணில் முதுகைத் தேய்ப்பேன். ஒரு காலால் மறுகாலை உரசுவேன்.

"தம்பி எந்நேரமும் டான்ஸ்தானுங்க" என்றார் எதிரே பாக்கெட் ஒட்டும் அக்கா. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஏதோ தொற்று என்று நானே முடிவுகட்டினேன். எங்கள் பக்கத்தில் எந்த வியாதிக்கும் முதல் வைத்தியம் வெந்நீர்தான். அம்மா விறகடுப்பில் அண்டா நிறையக் காய வைப்பார். ஆவியில் வாளியே தெரியக்கூடாது, அதுதான் குளியல். கிருமி சாகட்டும் என்று மாலையிலும் ஒரு குளியல் சேர்த்தேன். துணி சோப்பைப் போட்டு, நாரால் தோல் சிவக்கத் தேய்த்தேன். மூடுபனியில் நான்கு நாளானாலும் பனியன் காயாது, அதனால் வெறும் உடம்பில் கம்பளி ஸ்வெட்டர். இத்தனை செய்தும் அரிப்பு கூடிக்கொண்டே போனது.

நிரந்தரமாக்கும் முன் மருத்துவச் சான்று கேட்டார்கள். செத்தேன் என்று நினைத்துக்கொண்டுதான் குன்னூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என் முதுகை வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி எப்படி ஊத்துவீங்க?"

"நல்லா கொதிக்கக் கொதிக்கங்க." பெருமையாகத்தான் சொன்னேன்.

"எத்தன வாட்டி?"

"ரெண்டுங்க. இனி மூணு ஆக்கலாம்னு இருக்கேனுங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லைங்க. உங்கள நீங்களே அவிச்சுட்டு இருக்கீங்க. தோல்ல இருந்த எண்ணெயெல்லாம் போயிருச்சு."

வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம், ஒரே வேளை, குளித்த ஈரத்திலேயே தேங்காய் எண்ணெய், ஸ்வெட்டருக்குள் பருத்திச் சட்டை என்று சொல்லிவிட்டுச் சான்றில் கையெழுத்திட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வெதுவெதுன்னு ஊத்திச் சளி புடிச்சா அந்தம்மா வந்து பார்ப்பாங்களா?" என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் உறைந்துபோன எண்ணெய் பாட்டிலைத் தினமும் அடுப்போரம் வைத்து உருக்கித் தந்தது அவர்தான். நடுங்கிக்கொண்டே குளித்தேன். மூன்று வாரத்தில் அரிப்பு ஓடிப்போனது.

பிப்ரவரியில் நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது. அந்த மாலை, அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, யார் பேச்சையும் கேட்காமல், முக்கால் மணி நேரம் குளித்தேன். சொர்க்கம்.

மறுநாள் முதல் மெடிக்கல் லீவ் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று போட்டேன். அரிப்பு என்று எழுத இன்றைக்கும் எனக்குத் துணிச்சல் கிடையாது.