பக்க ஓரத்தில் சண்டை போடுகிறவர்

‘இந்தப் பொம்பளைக்கு மூளை இருக்கா?’ என்று கதாநாயகியைப் பற்றி யாரோ பக்க ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே, அந்த நாவலை எழுதிய டோ ஸான் மியா அம்மா சிவப்புப் பேனாவால் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்: ‘இருக்கு. உன்ன மாதிரி ஆளுக்காக அத வீணாக்க மாட்டா.’ கடைசியில் முற்றுப்புள்ளியை ஒரு குத்துக் குத்துகிறார். தாளில் ஓட்டை விழுகிறது. என் கடைத் தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதடித்தால் போதும், ரங்கூன் சான்சௌங் பேட்டையில் இருக்கும் என் வாடகைப் புத்தகக் கடைக்கு வந்துவிடுவார். அலமாரியிலிருந்து தான் எழுதிய நாவல்களை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்காருவார். வயது அறுபத்திரண்டு. கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு, கொண்டையில் சீப்பு, கடைவாயில் சுருட்டு. சுருட்டுச் சாம்பல் எங்கே விழுகிறது என்று நான் கேட்கக் கூடாது.

ரங்கூனில் வாடகைக்குப் புத்தகம் எடுக்கிறவன் சும்மா படிக்க மாட்டான். ஓரத்தில் எழுதுவான். கேட்டால், “வாடகை குடுத்திருக்கோம்ல?” என்பான். குரங்கு கையில் பூமாலை! மற்ற எழுத்தாளர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. இவர் ஒருத்தரையும் விடமாட்டார். ‘இதோட நாலு தடவை மழை’ என்று ஒருவன் கணக்கெடுத்து எழுதியிருந்தான். அதற்கு இவர் பதில்: ‘ஜூலை மாசம் ரங்கூன்ல பனியா கொட்டும்? ஜன்னலைத் தொறந்து பாரு.’

முப்பத்தோரு நாவல் எழுதியாகிவிட்டது. எல்லாமே பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியவை. “நல்ல தாள்ல எழுதினா நாமும் நல்லா எழுதுறதா நெனப்பு வந்துடும், தம்பி” என்பார். மனநிலை சரியில்லை, அதனால் எழுதவில்லை என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். “தெருமுனையில மொஹிங்கா சேமியா விக்கிற மா ஓன் மனநிலை பாத்தா அடுப்பு மூட்டுறா? உக்காந்து எழுது, இல்லாட்டி எந்திரிச்சுப் போ!” வில்லனுக்கு நல்ல குரல் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு பாடம். “கத்துறவன நாய்கூட நம்பாது. எவன் இனிமையாப் பேசுறானோ, அவன்தான் குடியக் கெடுப்பான்.”

பக்கத்து வீட்டுக்காரியோடு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் கன்னத்து மரு ஒரு நாவலில் வந்துவிட்டது. “இடது கன்னத்துலேருந்து வலதுக்கு மாத்தித்தான் எழுதினேன். அப்பவும் கண்டுபிடிச்சுட்டா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது, நான் என்ன பண்ண?”

இவ்வளவு வாயாடுகிறவர், கடைசியாக வந்த நாவலின் கடைசிப் பக்கத்தைப் பற்றி மட்டும் யாரோடும் வாயாடியதில்லை. கதாநாயகன் ஒரு படகு மெக்கானிக். படகு கவிழ்கிறது, அவன் செத்துப்போகிறான். பதிப்பாளர் அவனைப் பிழைக்க வைக்கச் சொல்லி மூன்று மாதம் கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். இவர் அவர் ஆபீசுக்கே போய் நின்றார். “என் வீட்டுக்காரர் போன படகு கவுந்து பத்தொம்பது வருஷம். இன்னிவரைக்கும் யாரு வந்து கதவத் தட்டினா? என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா?” அந்தப் பக்கம் அப்படியே அச்சானது.

அந்தப் பக்கத்தில்தான் நான் கை வைத்தேன்.

எந்தப் பாவியோ கடைசித் தாளைக் கிழித்து வெற்றிலை மடித்துவிட்டான். கிழிந்த தாளைக் கையால் எழுதி ஒட்டுவது எங்கள் வாடகைக் கடைகளில் வழக்கம்தான். ஆனால் பார்த்து எழுத வேறு பிரதி இல்லை, அச்சிலும் தீர்ந்துவிட்டது. கிழிந்ததை அவரிடம் போய்ச் சொல்லத் தைரியமில்லை. படித்த கதைதானே என்று நினைவிலிருந்தே எழுத உட்கார்ந்தேன். படகு கவிழ்கிறவரை சரியாகத்தான் வந்தது. அதற்கு மேல் அவனைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்றாம் நாள் கரையேற்றி, வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் புத்தகத்துக்கு அடிதடி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்து, “வெளிய போயிருக்கு, சயாமா” என்று நாலு மாதம் ஓட்டினேன். எழுத்தாளர் அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சனிக்கிழமையே திருப்ப வேண்டிய அந்தப் புத்தகத்தை மொஹிங்காக்காரி மா ஓன் போன ஞாயிறு கொண்டுவந்தாள். முக்காலியில் இருப்பது யார் என்று பார்த்ததும் முகமெல்லாம் பல்.

“சயாமா! நல்லவேளை அவனைப் பொழைக்க வெச்சீங்க! வாசல்ல வந்து நின்னான் பாருங்க, ஓன்னு அழுதுட்டேன்!”

“யாரு பொழைச்சது?”

மா ஓன் கையிலிருந்த புத்தகத்தை அவர் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். சுருட்டு அணைந்துவிட்டது.

“யார் கையெழுத்து இது?”

“என்னோடதுதான், சயாமா.”

“டேய் கோ டின்! யாரக் கேட்டுடா எழுதின? மூணு மாசம் ஒத்தையில நின்னு சண்டை போட்டு வாங்கின பக்கம்டா இது! நீ யாருடா என் ஆளை உயிரோட எழுப்ப?”

“தப்புதான். கிழிச்சுப் போட்டுடுங்க.”

“அவனைக் கொல்லவா?” என்று பதறினாள் மா ஓன்.

“நீ வாய மூடு!” தாளைப் பிடித்துவிட்டார். ஒட்டின இடம் ‘சரக்’ என்று லேசாக விட்டது. அத்தோடு கை நின்றுவிட்டது. என் எழுத்தை விரலால் தட்டினார். “இது என்னடா பேச்சு? ‘என் உயிரே, உன் நினைவே என்னைக் கரை சேர்த்தது.’ பதினோரு வரி! மூணு நாள் தண்ணியில கெடந்தவன் பதினோரு வரி பேசுவானா? நாக்கு ஒட்டியிருக்கும்டா முட்டாள்! வீட்டுக்காரன் வாசல்ல வந்து நின்னா மொதல்ல என்ன கேப்பான்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். பத்தொம்பது வருஷமா தெனம் காதுல கேட்டுக்கிட்டிருக்கேன்!”



அவர் புத்தகத்தை மடியில் வைத்து, என் பதினோரு வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். தாளில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினார்: “சோறு இருக்கா?”

நான் வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. மை காய்கிறவரை அந்தப் பக்கத்துக்கு உள்ளங்கையால் விசிறிக்கொண்டே இருந்தார்.