சாயங்கால வெளிச்சமும் பழுப்புப் பேனல்களும்

புத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் திருப்பதிக்கு ரயிலில் போய்வரும் கன்னிகாவுக்கு நாற்பத்தாறு வயது. சித்தூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, இருபது வருடம் கட்டடங்களில் ஒயர் இழுத்தவள். முழங்கால் தேய்ந்த பிறகு ஒரு லாட்ஜில் மொட்டைமாடி சோலார் பேனல்களைக் கவனிக்கும் வேலைக்கு வந்தாள். அங்கேயும் லிஃப்ட் மூன்றாவது மாடி வரைதான். மேலே இரண்டு மாடி நடக்க வேண்டும்.

பேனல்கள் இரண்டு வகை. புதியவை கறுப்பு, பழையவை பழுப்பு. பக்கத்தில் அதே சாய்வில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். மணிக்கு ஒரு முறை பேனல்கள் தரும் கரண்டையும் மீட்டர் காட்டும் எண்ணையும் நோட்டில் எழுதுவாள்.

ஐந்து மணி வெயிலில் பழுப்புப் பேனல்கள் மட்டும் வெளிச்சத்துக்கு ஏற்ற கரண்டைத் தரவில்லை. சூப்பர்வைசர் ஹரிபாபு நோட்டைப் புரட்டினார்.

"ரோட்டுத் தூசிம்மா. டெய்லி நாலு மணிக்குத் தொடச்சிடுங்க."

துடைத்தாள். ஒரு வாரம் ஆகியும் எண்கள் அப்படியே இருந்தன.

"சார், மேகம் மூடுன மத்தியானத்துல மீட்டர்ல இதே நம்பர்தான் காட்டுது. அப்போ இந்தப் பழுப்புப் பேனலு தொடைக்காமலே நல்லா குடுக்குது. தூசின்னா அப்பவும் கொறையணும் இல்ல?"

"மேகம் வேறம்மா. நீங்க ஓரத்துல சரியா தொடைக்கல."

அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'மேகம்' அல்லது 'வெயில்' என்று மட்டும் எழுதிவந்தாள். எட்டு மாதம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

பங்குனியில் பேனல்களைப் பரிசோதிக்கச் சென்னையிலிருந்து நந்திதா என்ற இன்ஜினியர் வந்தாள். அவளிடம் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி இருந்தது. நோட்டை வாங்கி அந்த 'மேகம்', 'வெயில்' வரிசையை வெகுநேரம் பார்த்தாள். ஐந்து மணிவரை காத்திருந்து அளந்தாள்.

"தூசி இல்லக்கா. சாயங்காலம் வெயில் ரொம்ப தூரம் காத்துல நுழைஞ்சு வருது. நீலம் வழியிலேயே சிதறிப்போய் சிவப்புதான் மிச்சம். மீட்டர் அதையும் சேர்த்து எண்ணும். கறுப்புப் பேனல் சிவப்பையும் கரண்டாக்கும். பழுப்புக்கு அது ஆகாது. மேகத்து வெளிச்சத்துல நீலம் கொஞ்சம் அதிகம், அதான் அப்போ நல்லா குடுக்குது."

"சிவப்ப இது துன்னாதா?"

"துன்னாது."

கன்னிகா கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். "அப்போ இத்தினி மாசமா நான் சும்மாவே தொடச்சிக்கினு இருந்தேனா, மேடம்?"

நந்திதா கருவியைப் பெட்டிக்குள் வைத்தாள். பக்கத்தில் நின்ற ஹரிபாபு நோட்டை வாங்கி மூடினார்.

"இனிமே திங்கக்கிழமை மட்டும் தொடச்சா போதும்மா."

"சரி சார்."

நியாயம் தன் பக்கம் என்று தெரிந்ததில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கால் வலித்தது. ஆறு மணி ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கண் மூடினாள். விழித்தபோது புத்தூர் தாண்டி ஏகாம்பரகுப்பம் வந்திருந்தது. இறங்கி, எதிர்ப் பக்க பிளாட்பாரத்துக்குப் படியேறிப் போனாள்.