அப்பா பொட்டு வைத்த பலகை

அடையாற்றில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு மூன்றாவது மாடியில். அதற்கு மேல் மொட்டைமாடிதான். சித்திரையில் பாயை விரித்துப் படுத்தால் கூரையின் அனல் முகத்தில் இறங்கும். அதனால் மாடி முழுக்க சோலார் பலகை போடப்போகிறார்கள் என்றதும் அந்தக் குடியிருப்பிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள்தான். கூரைக்கு நிழலாவது கிடைக்கும். துணி காயப்போட இடம் போச்சே என்று அம்மா மட்டும் முணுமுணுத்தாள். வாடகைக்காரர்களை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்போம்.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணம் அப்பா. உடம்பில் தெம்பிருந்தவரை பஸ் ஓட்டியவர். டீசல் புகையைக் குடித்துக் குடித்து நுரையீரல் நைந்து, கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் வந்து உட்கார்ந்துகொண்டது. அது ஓட கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரி தாங்கிக்கொள்ளும். அந்த மாசியில் பேட்டரி செத்துவிட்டது. புதிது வாங்கலாம் என்றேன். அப்பா கையை வீசி மறுத்துவிட்டார்.

“மாடில சூரியனே வந்து குந்திக்கினு கீறான். பேட்டரி இன்னாத்துக்கு?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குடியிருப்பே அப்படித்தான் நினைத்தது. கீழ்வீட்டுக்காரர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்வெர்ட்டரையே பழைய சாமான் கடையில் போட்டார். வெயில் அடிக்கிற வரை கரண்ட் இருக்கும், இதில் கேட்க என்ன இருக்கிறது? விற்க வந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

புது மிக்ஸி வாங்கினாலே பொட்டு வைத்துத்தான் பிளக்கை மாட்டும் ஊர் இது. சூரியனையே பிடித்துக் கட்டினால் சும்மா விடுவோமா? பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கேசரி கிண்டிப் பெரிய விழாவே எடுத்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் முதல் மாடிக்காரர். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். “வயசுல பெரியவர் நீங்கதான், உங்க கையால பொட்டு வைங்க” என்று அப்பாவை அழைத்தார். என் தோளைப் பிடித்து, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறினார் அப்பா. முதல் பலகையின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு நிமிர்ந்து, மூச்சு வாங்க, சூரியனைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் நண்பகல். எனக்கு தி.நகர் கடையில் வார விடுமுறை. எங்கள் வீட்டைத் தவிர தெருவெல்லாம் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ‘டமார்’ என்று மூலையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. ஃபேன் நின்றது. மெஷின் கூவத் தொடங்கியது.

அப்பா பதறவில்லை. மேலே விரலைக் காட்டினார். இப்போது வந்துவிடும் என்று அர்த்தம். அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். வரவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன்.

“சோலாரைப் போட்டு விடுங்க சார்!”

செயலாளர் மாடிக்கு ஓடிவந்து, அங்கிருந்த பெட்டியில் எதையெதையோ தட்டினார். அது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. பலகைகளின் மேல் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கவே கண் கூசியது. அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். பேசி முடித்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“தெரு லைன்ல கரண்ட் இருந்தாத்தான் இதுவும் ஓடுமாம்மா. இல்லன்னா தானா ஆஃப் ஆயிடுமாம். லைன்ல வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்களாம்.”

நியாயமான காரணம். அதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் நல்லவனாகப் போய்விட்டான்.

லிப்ட் ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படி வழியாக இறக்கினோம். ஆம்புலன்ஸ் அடையாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அப்பா போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த பிறகு, சங்கத்தில் பேட்டரி போடத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எங்கள் வீட்டில் நமஸ்காரம் முதலில் நடந்தது, கண் பிறகு போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா தினமும் சாப்பிடுமுன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைக்கத் தொடங்கினாள். “கா... கா...” என்று அழைத்துவிட்டு நிற்பாள். காக்கை கொத்தினால்தான் அவள் வாயில் சோறு இறங்கும். வராத நாட்களில் மோர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். காக்கைகள் தின்றுவிட்டுப் பலகை மேல் உட்கார்ந்தன. உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. எச்சம் படிந்து மின்சாரம் குறைகிறது, யாரும் மாடியில் சோறு வைக்கக் கூடாது என்று சங்க வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மா வாட்ஸ்அப் பார்ப்பவள் இல்லை. நானும் சொல்லவில்லை.

ஒருநாள் அம்மாவும் நானும் சோறு வைத்துவிட்டு நிற்கும்போது செயலாளரே மாடிக்கு வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா வெயில் எப்படி ஏறிப்போச்சு பாருங்க. பூமி நல்லா இருக்கணும்னா ஆளுக்கு ஒண்ணு விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்.”

அவர் வீட்டில் மூன்று அறைக்கும் மூன்று ஏசி. நாங்கள் விட்டுக்கொடுத்தது என்னவென்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் போலிருந்தது. நான் வாயெடுக்குமுன் ஒரு காக்கை இறங்கிச் சோற்றைக் கொத்தியது. பிறகு தத்திப் போய் முதல் பலகையில் உட்கார்ந்து, எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெள்ளையாக எச்சமிட்டது.

செயலாளர் வாட்ச்மேனைக் கூப்பிடத் திரும்பினார். அப்பா போனபின் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“இருக்கட்டும் வுடுங்க சார். அவரு பொட்டு வெச்ச பலகைதானே அது. இன்னா வேணா வெச்சிக்கட்டும்.”